வீட்டில் போர்ட்ரெய்ட் எடுக்க முதல் லைட்: மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் அடுத்து விசாரிப்பது லைட்டைத்தான். மழை பிடித்துக்கொண்டால் வெளியே படம் எடுக்க வழியில்லை, வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். பேட்டரி சார்ஜ் போட மறப்பது, கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது எல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். கீழே சொல்பவை காசு போன பிறகுதான் தெரியவரும். ஆட்கள் மாறினாலும் இந்தத் தவறுகள் மாறாமல் வருவதால் எழுத வேண்டியிருக்கிறது.

## மூன்று சாஃப்ட்பாக்ஸ் செட்

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். பல்பின் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டியான 50×70 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் இரண்டோ மூன்றோ, சுருள் சி.எஃப்.எல். பல்புகள், மெல்லிய ஸ்டாண்டுகள், எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை. மூன்று லைட் வந்தால் ஸ்டூடியோவே வந்துவிட்டது என்று தோன்றும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

விளம்பரத்தில் ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பார்கள். அது பழைய குண்டு பல்புக்கு ஈடு சொல்லி, எல்லாப் பல்பையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஒரு பல்பு உண்மையில் இழுப்பது 45 வாட், பெரியதாக இருந்தால் 85 வாட். 85 வாட் பல்பு ஒன்றை சாஃப்ட்பாக்ஸுக்குள் மாட்டி, முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன், ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 4 என்றால் ஷட்டர் சுமார் 1/30 நொடிக்கு இறங்கிவிடும். அசையாமல் உட்காரும் பெரியவருக்குப் போதும். குழந்தை தலையைத் திருப்பினால் முகமே கலங்கிவிடும். ஷட்டரை 1/125-க்கு ஏற்றி, இரண்டு கண்ணும் ஷார்ப்பாக வர எஃப் 5.6 வைத்தால் ஐஎஸ்ஓ 800. இவ்வளவுக்கும் லைட்டை ஒரு மீட்டரை விட்டு நகர்த்தவே இல்லை. இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் கால்வாசி, ஐஎஸ்ஓ 3200.

மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. சி.எஃப்.எல். பல்புக்குள் பாதரச ஆவி சூடேறினால்தான் முழு வெளிச்சம் வரும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாலைக் குளிரில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதுவரை வெளிச்சமும் குறைவு, நிறமும் வேறு. கோத்தகிரியில் ஒரு வீட்டில், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இந்த செட்டை எடுத்துப்போன பையன், மூன்றையும் போட்ட கையோடு எடுக்க ஆரம்பித்தான். முதல் படங்கள் மங்கல், கொஞ்ச நேரம் கழித்து எடுத்தவை வெளுத்துப் போயின. நடுவில் கீசர் ஓடி வோல்டேஜ் இறங்கியதும் மறுபடி மங்கல். கேக் வெட்டும் கை எல்லாப் படத்திலும் அசைந்திருந்தது. ஒரே மாலையில் எடுத்த படங்களை ஒரே ஆல்பத்தில் வைக்க முடியவில்லை.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், அதே பையன் அடுத்த மாதமே ஃபிளாஷும் வாங்க வேண்டி வந்தது. இரண்டு முறை செலவு. பழைய செட்டிலிருந்து புதியதற்கு ஒன்றும் உதவவில்லை. ஹோல்டரோடு சேர்த்துத் தைத்த சாஃப்ட்பாக்ஸில் ஃபிளாஷை மாட்ட முடியாது, ஸ்டாண்டும் எடை தாங்காது. மூன்று லைட்டையும் ஒன்றாகப் போட்டதால் மூக்கின் நிழல் இரண்டு பக்கமும் விழுந்ததுதான் அவன் கற்ற பாடம்.

முதல் செட் இவ்வளவு போதும்: கேமரா தலையில் மாட்டும் வகையில், கையால் திறன் மாற்றும் ஹாட்ஷூ ஃபிளாஷ் ஒன்று, அதைத் தள்ளி வைத்து கேமராவிலிருந்தே வெடிக்க வைக்கும் ட்ரிகர், 90 செ.மீ. ஆக்டாபாக்ஸ் (எட்டுப் பக்க சாஃப்ட்பாக்ஸ்), வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் துணி கிரிட்டோடு, ஃபிளாஷைப் பிடிக்க எஸ்-டைப் பிராக்கெட், உறுதியான ஸ்டாண்ட் ஒன்று, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மக்கோல் அட்டை ஒன்று. கோடாக்ஸ் டிடி600 மாதிரியான ஃபிளாஷில் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது, நான்கு ஏஏ பேட்டரி போதும், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஆக்டாபாக்ஸ் வழியாக ஒரு மீட்டரில், கால் திறனிலேயே ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6 சுமாராகக் கிடைக்கும். ஷட்டர் 1/160 வைத்தால் அறையின் டியூப்லைட் படத்தில் பதியவே பதியாது. ஃபிளாஷ் வெடிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாக முடிந்துவிடுவதால் குழந்தை ஓடினாலும் கண் ஷார்ப்பாக நிற்கும்.

## வெள்ளைக் குடை

விலை குறைவு என்று, ஆக்டாபாக்ஸுக்குப் பதில் ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் குடை வாங்குவார்கள். வெளிச்சம் குடையைத் தாண்டிப் போவது போலவே, பாதி பின்பக்கமும் திரும்பி அறை முழுக்கச் சிதறும். பெரிய வெள்ளை ஹாலில் அதனால் நஷ்டமில்லை. நம்மூர் வீடுகளில் அறை 10×12 அடி, சுவர் பச்சையோ ரோஸோ, பழைய வீடாக இருந்தால் மேலே பலகை மச்சு. பச்சைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் கன்னத்தின் நிழல் பக்கத்தில் பச்சையாகவே விழும். மச்சில் பட்டால் நெற்றி ஆரஞ்சு. முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்றால் படம் முழுக்க ஒரே மாதிரி நிறத்தை மாற்றும் ஒயிட் பேலன்ஸில் திருத்த முடியாது. கிரிட் போட்ட ஆக்டாபாக்ஸை வாங்கச் சொல்வது இதற்காகத்தான். நிழல் பக்கச் சுவரில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் மிச்சமும் அடங்கும்.

## சாஃப்ட்பாக்ஸைத் தள்ளி வைப்பது

90 செ.மீ. பாக்ஸை 90 செ.மீ. தூரத்தில் வைத்தால் நிழல் மென்மையாக விழும். அதையே மூன்று மீட்டர் தள்ளினால் சின்ன லைட் மாதிரி கடினமாகிவிடும். பக்கத்தில் வைப்பதில் ஒரே சிக்கல், வெள்ளை உடை. வெள்ளை முண்டும் துண்டும் உடுத்திய படுகர் பாட்டியை எடுக்கும்போது முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் தோள் வெளுத்து, துணியின் மடிப்பே காணாமல் போகும். பாக்ஸை அவர் தலைக்கு மேலே ஒரு அடி உயர்த்தி, அது முகத்தை நேராகப் பார்க்காமல் அவருக்குக் கொஞ்சம் முன்பக்கமாகப் பார்க்கும்படி திருப்புங்கள். முகத்துக்குப் பாக்ஸின் ஓர வெளிச்சம் கிடைக்கும், தோளுக்குக் குறையும். பிறகு திறனை மூன்றில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்) ஏற்றி, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் வலது ஓரம் முட்டாமல் இருக்கிறதா பாருங்கள். தெர்மக்கோலை மடியில் சாய்த்தால் கழுத்துச் சுருக்கத்தின் கறுப்பு குறையும்.

## ட்ரிகர்

கேமரா கம்பெனிக்கு ஏற்றதையே வாங்குங்கள். சோனிக்கானது கேனனில் ஒத்துவராது.

## ஸ்டாண்டில் மிச்சம் பிடிப்பது

மெல்லிய ஸ்டாண்ட் எடை தாங்காது, பலகைத் தரை வேறு ஆடும். ஒரு காலை லைட் சாயும் பக்கமாக வைத்து, அதில் நான்கு கிலோ அரிசிப் பையைக் கட்டுங்கள்.

## ஜன்னல் வெளிச்சத்தோடு கலப்பது

மூடுபனி நாளில் ஜன்னலே பெரிய சாஃப்ட்பாக்ஸ், லைட் இல்லாமலே அழகாக வரும். ஆனால் அந்த வெளிச்சம் நீலம் கூடியது, வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 6500-க்கும் மேலே போகும். ஃபிளாஷ் 5600 பக்கம். இரண்டும் கலந்தால் ஜன்னல் பக்கக் கன்னம் நீலம். பனி நகர நகர அளவும் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்று திரையை இழுத்துவிட்டு ஃபிளாஷில் எடுங்கள், இல்லையென்றால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

## ஈரத்தோடு மடித்து வைப்பது

மழை மாதங்களில் ஆக்டாபாக்ஸின் வெள்ளைத் துணி மடித்தபடியே பூஞ்சை பிடிக்கும். மஞ்சள் புள்ளி விழுந்த துணி வெளிச்சத்தையும் மஞ்சளாக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. எடுத்து முடித்ததும் விரித்தபடி ஓர் இரவு அறையில் விட்டுவிட்டு, மறுநாள் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பேட்டரியை ஃபிளாஷில் விட்டுவைக்காதீர்கள், கசிந்தால் தகடு அரித்துவிடும். குளிரில் ஆல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி நான்கு நான்காக இரண்டு செட் வாங்கி, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் அது சூடாகவே இருக்கும்.