ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்: காரணிகளைக் கையாலேயே எண்ணலாம்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி, 293318625600 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை அவர் 1915-இல் ஒரு கட்டுரையில் பட்டியலிட்டார். மொத்தம் 102 எண்கள். அதில் வந்திருக்க வேண்டிய இந்த எண் விடுபட்டுவிட்டது.

எவ்வளவு பெரியது? 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இத்தனை கன அடித் தண்ணீர் வந்தால் மேட்டூர் அணை மூன்று முறை நிரம்பி மிச்சமும் இருக்கும்.

பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் போதும். கடைகளில் இருக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண்ணே அடங்காது.

முதலில் கடைசி இரண்டு பூஜ்யங்களை எடுங்கள். 2-உம் 5-உம் இரண்டிரண்டு போயிற்று. மீதியை நான்கு முறை பாதியாக்கினால் 183324141. இலக்கங்களைக் கூட்டினால் 27, அதனால் 9-ஆல் வகுபடும். இன்னொரு தடவை 9-ஆல் வகுத்தால் 2263261. இதன் இலக்கக் கூட்டல் 22, ஆகவே 3 இனி இல்லை.

நான் தப்பு செய்த இடம் இதுதான். 2263261-ஐ 7-ஆல் வகுத்தால் 323323. 7 முடிந்தது என்று நினைத்து 11-க்குப் போய்விட்டேன். 323323 என்பது 323 × 1001. அந்த 1001-க்குள் 7 × 11 × 13 இருக்கிறது! இரண்டாவது 7-ஐ விட்டதால் எனக்கு 3360 காரணிகள்தான் கிடைத்தன. ஒரு பகா எண்ணால் வகுத்தபின், அது இனி வகுக்காது என்று பார்த்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

323 என்பது 17 × 19. ஆக 2 ஆறு முறை, 3 நான்கு, 5 இரண்டு, 7 இரண்டு, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. ஒரு காரணியில் 2 ஒரு முறைகூட வராமலும் இருக்கலாம், ஆறு முறையும் வரலாம். அதனால் 2-க்கு ஏழு வழி. மற்றவற்றுக்கும் இப்படியே ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

5040-உம் அதே வகை எண்தான். அதற்கு 60 காரணிகள், போட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: எக்செல்லில் 2.93319E+11 என்று வருகிறதாம். கட்டத்தின் வடிவத்தை ‘நம்பர்’ என மாற்றினால் முழு எண்ணும் தெரியும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ‘ஃபேக்டர்’ கட்டளையைப் போட்டு விடையைச் சரிபார்க்கலாம். ஆனால் முதல் தடவை கையால் போடுங்கள்.

பின்சேர்க்கை 2: திருவாரூரிலிருந்து ஒருவர் மேட்டூர் கொள்ளளவையே, அதாவது 93.47 டிஎம்சி, 9,347 கோடி கன அடியை, எடுத்துப் போட்டிருக்கிறார். 9347 = 13 × 719 வரை வந்து, 719-ஐ உடைக்க முடியாமல் நின்றுவிட்டார். 23 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், 29 × 29 என்பதே 841 ஆகிவிடுகிறது. எதுவும் வகுக்காததால் 719 பகா எண். கோடிக்கு 2 ஏழு, 5 ஏழு. ஆக 8 × 8 × 2 × 2 = 256 காரணிகள்.