சிக்கலான உறவுமுறையை டிஎன்ஏ சோதனையால் பிரித்தறிவது எப்படி

உறவுக்குள்ளேயே மணம் நடந்துவந்த குடும்பங்களில், டிஎன்ஏ சோதனை முடிவு காட்டும் மொத்த சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தைச் சொல்லும் அலகு) எண்ணை மட்டும் வைத்து உறவை முடிவு செய்யக் கூடாது. ஒரே கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியின் வெவ்வேறு பிள்ளைகள் வழிவந்த கொள்ளுப்பேரர் இருவர் சராசரியாகச் சுமார் 230 சென்டிமார்கன் பகிர்வார்கள். அதே இருவருக்கு இன்னொரு கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி இணையரும் பொதுவாக இருந்தால், எண் ஏறக்குறைய 460 ஆகி, உறவு ஒரு படி நெருங்கியதாகத் தோன்றும்.

முதலில் தெரிந்த குடும்ப மரத்தை வரைந்து, இரண்டு இடங்களில் வரும் ஒரே நபருக்கு ஒரே எண் கொடுங்கள். பிறகு ஒருவரிடமிருந்து பொது மூதாதை வரை ஏறி, மற்றவர் வரை இறங்கும் ஒவ்வொரு வழியிலும் படிகளை எண்ணி, படிக்கு ஒரு முறை பாதியாக்கி, எல்லா வழிகளின் விடைகளையும் கூட்டுங்கள். கொள்ளுப்பேரர் இருவருக்கு ஆறு படி கொண்ட வழிகள் இரண்டு. எனவே பங்கு 1/32, அதாவது சுமார் 3 சதவீதம்; மேலே சொன்ன 230 சென்டிமார்கன் இதற்கு ஈடானதுதான். சோதனை எண் இந்தக் கணக்கைவிட மிகவும் கூடுதலாக இருந்தால், மரத்தில் இடம்பெறாத இன்னொரு வழி இருக்கக்கூடும்.

அடுத்து மிக நீளமான துண்டைப் பாருங்கள். என் கணிப்பில் மொத்த எண்ணைவிட நம்பத்தக்கது இதுதான். 90 சென்டிமார்கனில் ஒரு துண்டு மட்டுமே 45 என்றால் அண்மைக்கால மூதாதை ஒருவரைத் தேடலாம். எல்லாமே 12க்கும் குறைவான துண்டுகள் என்றால், பழைய உறவுகள் பல சேர்ந்து வந்த எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 7க்குக் கீழ்ப்பட்ட துண்டுகளில் தற்செயலான பொருத்தங்கள் மிகுதி என்பதால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

உடன்பிறந்தார் இருவர் மற்றொரு குடும்பத்தின் உடன்பிறந்தார் இருவரை மணந்தால், அவர்களின் பிள்ளைகள் கால் பங்கு டிஎன்ஏவைப் பகிர்வார்கள். தந்தையோ தாயோ மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்புகளும் அதே கால் பங்கைத்தான் பகிர்வார்கள். குரோமோசோம் படம் காட்டும் கருவி இங்கே தேவை: முன்னவர்களுக்குச் சில இடங்களில் குரோமோசோம் இணையின் இரு பிரதிகளும் பொருந்தும், பின்னவர்களுக்கு, பொதுவல்லாத இரு பெற்றோரும் தமக்குள் உறவினர் அல்லர் என்றால், ஒரு பிரதி மட்டுமே பொருந்தும். பெண்கள் இருவருக்குத் தந்தை ஒருவரே என்றால், எக்ஸ் குரோமோசோம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொருந்தியாக வேண்டும், ஏனெனில் தந்தை தம்மிடமுள்ள ஒரே எக்ஸைத்தான் மகள்களுக்குக் கொடுக்கிறார்.

எஞ்சியிருப்பது யாரைச் சோதிப்பது என்பதுதான். மூத்த தலைமுறையினரே பொதுவாக நல்ல தேர்வு. ஆனால் இரு ஊகங்கள் போட்டியிடும்போது, அவ்விரண்டின்படியும் எதிர்பார்க்கப்படும் எண்கள் யாரிடம் மிகவும் வேறுபடுமோ, அவரைத் தேர்ந்தெடுங்கள். எதிர்பாராத தகப்பன் வழி வெளிப்படலாம் என்பதை முன்னதாகவே அவரிடம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே மாதிரி எடுங்கள்.