தொற்று நேரத்துல மாநகராட்சி ஆபீஸை வேகமா ஓட்டுறது எப்படி (ஆப் அப்புறம் பாத்துக்கலாம்)

தொற்று பரவ ஆரம்பிச்சதும் எந்த ஊர் உள்ளாட்சியா இருந்தாலும் முதல் மீட்டிங்லயே ஒருத்தர் "ஒரு ஆப் பண்ணிடலாம் சார்"னு ஆரம்பிப்பாரு. அதை தள்ளி வைங்க. டெண்டர் விட்டு, ஆர்டர் போட்டு, டெஸ்ட் பண்ணி அது கைக்கு வர்றதுக்குள்ள முதல் அலையே வந்துட்டு போயிரும்.

அதுக்கு பதிலா ஒரே ஒரு பாசிட்டிவ் ரிசல்ட்டை எடுத்துக்கிட்டு அது பின்னாடியே போங்க. லேப்ல எத்தனை மணிக்கு ரெடி ஆச்சு, மெயில் யாருக்கு போச்சு, அவர் எப்ப திறந்து பார்த்தாரு, யார் அதை மறுபடி டைப் பண்ணாங்க, வார்டுக்கு லிஸ்ட் எப்ப போச்சு, அந்த வீட்டுக்கு போன் எப்ப போச்சுன்னு ஒரு பேப்பர்ல நேரத்தோட எழுதிட்டு வாங்க. எழுதி முடிச்சதும் தெரியும், உருப்படியா வேலை நடந்த நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் யாரோ ஒருத்தரோட மேஜையில இல்ல இன்பாக்ஸ்ல சும்மா கிடந்த நேரம். எந்த இடத்துல அதிகமா கிடக்குதோ அங்கதான் முதல்ல கை வைக்கணும், கம்ப்யூட்டர் தேவைப்பட்டா அங்க மட்டும் போடுங்க.

அடுத்தது பாசிட்டிவ் வந்தவங்களோட லிஸ்ட். எல்லாருக்கும் சேர்த்து ஒரே லிஸ்ட்தான் இருக்கணும். சுகாதாரத்துக்கு ஒண்ணு, ஆம்புலன்ஸுக்கு ஒண்ணு, வார்டு வாட்ஸ்அப் குரூப்ல ஒண்ணுன்னு மூணு ஓடுச்சுன்னா ஒரே ஆளுக்கு மூணு பேர் போன் பண்ணுவாங்க, இன்னொருத்தருக்கு ஒருத்தருமே பண்ண மாட்டாங்க. அதுல காலம் (column, அதாவது பத்தி) எத்தனை வேணும்னு கேட்டா, ஒவ்வொரு காலத்துக்கும் "இதை வச்சு யார் என்ன முடிவு எடுக்கப் போறாங்க"ன்னு கேளுங்க, பதில் இல்லன்னா அந்த காலத்தை தூக்கிடுங்க. சாம்பிள் நம்பர், பேர், வயசு, போன், வார்டு, ரிசல்ட் தேதி, இப்ப யார் கையில இருக்கு, அடுத்து என்ன செய்யணும். இதுல கடைசி ரெண்டைத்தான் எல்லா ஆபீஸும் விட்டுடும், ஆனா லிஸ்ட்டுக்கு உயிரே அந்த ரெண்டுலதான் இருக்கு.

எக்செல்லயே ஆரம்பிக்கலாம், தப்பில்ல, ஆனா அதோட எல்லை எங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2020 செப்டம்பர் 25-லருந்து அக்டோபர் 2 வரைக்கும் இங்கிலாந்துல 15,841 கொரோனா கேஸ் தினசரி கணக்குல சேராமலே போச்சு, காரணம் லேப் டேட்டாவை பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்ல போட்டது, அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான், அதுக்கு மேல வந்ததெல்லாம் விழுந்துருச்சு. கணக்கை பின்னாடி சரி பண்ணிக்கலாம், ஆனா அந்த ஆளுங்களோட பழகுனவங்களை தேடுற வேலையும்ல அத்தனை நாள் நின்னு போச்சு. அதனால தினமும் ஒருத்தர் லேப் அனுப்பின எண்ணிக்கையையும் லிஸ்ட்ல ஏறின எண்ணிக்கையையும் ஒத்துப் பாக்கணும். அஞ்சு நிமிஷ வேலை, ஒருத்தர் பேர்ல எழுதி வச்சுருங்க.

இப்ப அதிகாரம். சின்னச் சின்னதா செஞ்சு பாத்து மாத்திட்டே போற ஆஜைல்ங்கற வேலை முறை 2001-ல 17 சாஃப்ட்வேர் ஆளுங்க கூடி எழுதுன அறிக்கைல இருந்து வந்தது, அதுல இருக்கற பாதி பேச்சு உள்ளாட்சிக்கு ஒத்தே வராது, ஆனா வேலை செய்யற டீமே முடிவும் எடுக்கணும்ங்கற விஷயம் மட்டும் தங்கம். மும்பை மாநகராட்சி 2020-ல ஆஸ்பத்திரி பெட் ஒதுக்கற வேலையை 24 வார்டுக்கும் தனித்தனி வார் ரூம் (கட்டுப்பாட்டு அறை) வச்சு பிரிச்சுக் கொடுத்துச்சு, ஊர் மொத்தமும் ஒரே ஹெல்ப்லைன்ல போய் முட்டிக்கிட்டு நின்ன நிலைமை அதுல குறைஞ்சுது. நீங்களும் வார்டு அளவுல என்னென்ன முடிவு எடுக்கலாம், எவ்வளவு தொகை வரைக்கும் செலவு பண்ணலாம், அதுக்கு மேல போனா யாரைக் கேக்கணும்னு ஒரு பக்கத்துல உத்தரவா போட்டு கையெழுத்தோட கொடுத்துடுங்க. வாய்மொழியா சொன்னா போதும்னு நினைக்காதீங்க, ஆடிட் வரும்னு பயந்துக்கிட்டு எவனும் எதுலயும் கை வைக்க மாட்டான், அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது.

தினசரி மீட்டிங் 15 நிமிஷம், நின்னுக்கிட்டே, லிஸ்ட்டை ஸ்க்ரீன்ல திறந்து வச்சுக்கிட்டு. "நேத்து நல்லபடியா போச்சு சார்" மாதிரி பேச்செல்லாம் வேண்டாம், எது நிக்குது, யார் எடுக்கறது, எப்பக்குள்ள, அவ்வளவுதான். உதாரணமா வார்டு ஆள் "ஆறு பேருக்கு போன் போகல, நம்பர் தப்பா இருக்கு"ன்னு சொல்றாருன்னு வைங்க, அங்கயே ரெண்டு முடிவு வரணும்: இன்னிக்கு அந்த ஆறு வீட்டையும் நேர்ல தேட யார் போறாங்க, நாளைலருந்து சாம்பிள் எடுக்கற இடத்துலயே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்து செக் பண்ண யார் பொறுப்பு. இப்படி சின்ன மாத்தம் வாரத்துக்கு ரெண்டு மூணு செஞ்சுட்டே போங்க, வேலை செய்யலன்னா அடுத்த வாரமே எடுத்துடுங்க. கமிஷனர் லெவல்ல இருக்கறவங்க இந்த மீட்டிங்ல திட்ட ஆரம்பிச்சா அன்னிலருந்து எல்லாரும் நல்ல செய்தி மட்டும்தான் சொல்லுவாங்க, அப்புறம் மீட்டிங் நடத்தறதே வேஸ்ட்.

எல்லாத்தையும் நீங்களே செய்யணும்னும் இல்ல. தைவான்ல 2020 பிப்ரவரில மாஸ்க் ரேஷன் வந்தப்ப 6,000-க்கு மேல இருக்கற மருந்துக்கடைகள்ல எவ்வளவு ஸ்டாக் இருக்குங்கற டேட்டாவை அரசு வெளிப்படையா விட்டுச்சு, மேப், சாட்பாட் எல்லாம் வெளியில இருந்த கோடிங் தெரிஞ்சவங்களே பண்ணிட்டாங்க. ஸ்டாக், காலி பெட், தடுப்பூசி மையம் மாதிரி ஆள் பேர் இல்லாத டேட்டாவை தாராளமா விடலாம்.

ஆள் பேர் இருக்கற டேட்டா வேற கதை. சிங்கப்பூர்ல யார் யார் பக்கத்துல இருந்தாங்கன்னு பதிஞ்சு வச்ச ட்ரேஸ்டுகெதர் ஆப்போட டேட்டா தொற்றைத் தேடறதுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டு, 2021 ஜனவரில போலீஸும் எடுக்கலாம்னு தெரிய வந்ததும் பெரிய பிரச்சனை ஆகி, கடைசில எதெதுக்கு எடுக்கலாம்னு சட்டமே போட வேண்டி வந்துச்சு. ஜனங்க சந்தேகப்பட ஆரம்பிச்சா தப்பு நம்பர்தான் குடுப்பாங்க, அதோட உங்க லிஸ்ட்டும் போச்சு. எதுக்கு எடுக்கறீங்க, யார் பாக்கலாம், எப்ப அழிப்பீங்கன்னு ஃபார்ம்லயே எளிமையா எழுதுங்க. பாசிட்டிவ் வந்தவங்க பேரோட எக்செல் ஷீட்டை வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் பண்றதை முதல் நாளே தடை பண்ணுங்க, இதுல சலுகையே கிடையாது.

ஸ்மார்ட்போன் இல்லாதவங்களை மறந்துடாதீங்க. ஆன்லைன்ல என்ன வச்சாலும் அதுக்கு ஒரு போன் நம்பரும், நேர்ல வந்தா எழுதிக்கிற ஒரு ஆளும் இருக்கணும், அவங்க எழுதறதும் அதே லிஸ்ட்லதான் ஏறணும், தனி நோட்டுல இல்ல.

அலை இறங்கினதும் ஒரு நாள் உக்காந்து, அவசரத்துக்கு போட்ட ஒவ்வொரு உத்தரவையும் ஃபார்மையும் எடுத்து, எது நிரந்தரம் எது ரத்துன்னு எழுதி முடிங்க, அழிக்கறோம்னு சொன்ன டேட்டாவை அன்னிக்கே அழிச்சு அதுக்கும் ஒரு ஆர்டர் போடுங்க.