அணை நீர்மட்டப் பதிவேட்டிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பு: பைத்தானில் முதல் பயிற்சி

கார் பருவம் நெருங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வட்டாரத்து விவசாயிகள் நாளிதழைப் பிரித்ததும் தேடுவது அணை நீர்மட்டப் பட்டியலைத்தான். அந்தப் பட்டியலையே இன்றைய பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் கிடக்கும் பதிவுகளை, இன்னொரு நிரல் தடுமாறாமல் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றப் போகிறோம். கோண அடைப்புக்குறிக்குள் வரும் குறிச்சொற்களால் தரவை அடுக்கி எழுதும் வடிவம்தான் எக்ஸ்எம்எல்.

பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு போதும். எஸ்க்யூலைட் தரவுத்தளமும், எக்ஸ்எம்எல்லைக் கட்டவும் படிக்கவும் உதவும் எலிமென்ட்ட்ரீ நூலகமும் அதனுடனேயே வந்துவிடும். செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: அட்டவணைகள்

இரண்டு அட்டவணைகள் வேண்டும். முதலாவது ‘அணைகள்’: பெயர், முழு மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இரண்டாவது ‘பதிவுகள்’: அணையின் பெயர், நாள், நீர்மட்டம், குறிப்பு. நாளை ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசையிலேயே எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாக இருக்கும்.

படி 2: வெளியீட்டைக் கையால் எழுதிப் பாருங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன், என்ன வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். நமக்கு வேண்டியது இது (நீர்மட்டம் மாதிரிக்காகப் போட்டது):

<அணைகள்>
  <அணை பெயர்="பாபநாசம்" முழுமட்டம்="143">
    <பதிவு நாள்="2025-06-01">
      <நீர்மட்டம் அலகு="அடி">86.5</நீர்மட்டம்>
    </பதிவு>
  </அணை>
</அணைகள்>

தரவுத்தளத்தில் ‘பாபநாசம்’ என்ற பெயர் ஒவ்வொரு நாளின் வரிசையிலும் திரும்பத் திரும்ப வரும். இங்கே ஒரே முறைதான் வருகிறது. அதன் நாள்களெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. தட்டையான வரிசைகளைக் கிளைகளாக்குவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. மற்றதெல்லாம் இலக்கணம்.

குறிச்சொற்கள் தமிழில் இருக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாக இருக்கலாம். 1998-இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 தரமே அதற்கு இடம் தருகிறது. பெயருக்குள் இடைவெளி வரக்கூடாது, எண்ணில் தொடங்கக்கூடாது என்பவை முக்கியமான விதிகள். ‘நீர் மட்டம்’ என்று பிரித்தால் பிழை, ‘நீர்மட்டம்’ சரி.

படி 3: வினவல்

வினவல் என்பது தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி. இரண்டு அட்டவணைகளையும் அணையின் பெயரால் இணைத்து, முதலில் அணை வாரியாகவும் பிறகு நாள் வாரியாகவும் வரிசைப்படுத்திக் கேளுங்கள். வரிசைப்படுத்த மறந்தால் பாபநாசம், மணிமுத்தாறு, மறுபடி பாபநாசம் என்று கலந்து வந்து, ஒரே அணைக்குப் பல கிளைகள் முளைத்துவிடும்.

படி 4: கிளைகளைக் கட்டுதல்

கீழே ‘பண்பு’ என்பது, பெயர்="பாபநாசம்" என்பதுபோலக் குறிச்சொல்லுக்குள்ளேயே வரும் விவரம்.

வேர் = எலிமென்ட்("அணைகள்")
முந்தையது = ""
ஒவ்வொரு வரிசைக்கும்:
    பெயர் முந்தையதிலிருந்து மாறியிருந்தால்:
        அணை = சப்எலிமென்ட்(வேர், "அணை")
        பெயரையும் முழுமட்டத்தையும் பண்புகளாகச் சேர்
        முந்தையது = பெயர்
    பதிவு = சப்எலிமென்ட்(அணை, "பதிவு")
    நாளைப் பண்பாகச் சேர்
    நீர்மட்டம் இருந்தால்:
        அதைப் பதிவுக்குள் சேர்
    குறிப்பு இருந்தால்:
        அதைப் பதிவுக்குள் சேர்

நூலகம் எழுத்துச் சரங்களை மட்டுமே ஏற்கும். 86.5 என்ற எண்ணை அப்படியே கொடுத்தால், கோப்பை எழுதும் நேரத்தில் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே முதலில் சரமாக்குங்கள். ஆனால் அளவு பதியாத நாளில் தரவுத்தளம் வெற்று மதிப்பைத் தரும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு சரமாக்கினால் ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் ‘நன்’ (None) என்ற ஆங்கிலச் சொல் நீர்மட்டமாகக் கோப்பில் ஏறிவிடும். வெற்றாக இருந்தால் நீர்மட்டம் என்ற அந்த உறுப்பையே (குறிச்சொல்லோடு சேர்த்து) விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் 0 போடவே கூடாது. அளக்காத அணை வேறு, வறண்ட அணை வேறு. படிக்கிறவர் அதை நம்பி முடிவெடுப்பார்.

இதற்கு நூலகம் எதற்கு, சரங்களை ஒட்டி ஒட்டி நாமே எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நீர் குறைந்துவரும் நாளில் ஒருவர் குறிப்பில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

<குறிப்பு>வரத்து < வெளியேற்றம்</குறிப்பு>

நடுவில் இருக்கும் அந்த ஒற்றைக் குறியை, புதிய குறிச்சொல் தொடங்குகிறது என்று எக்ஸ்எம்எல் எடுத்துக்கொள்ளும். முழுக் கோப்பும் படிக்க முடியாததாகிவிடும். அதை &#60; என்றோ அதற்கு இணையான மாற்றுக் குறியாகவோ எழுத வேண்டும்; & குறிக்கும் இதே விதிதான். எலிமென்ட்ட்ரீ இதைத் தானே செய்துவிடும். ஒட்டுவேலையில் நீங்கள் ஓரிடத்தில் மறந்தாலும் போயிற்று.

படி 5: கோப்பில் எழுதுதல்

உள்தள்ளல் அழகாக வர ‘இன்டென்ட்’ செயற்கூறு. பிறகு ‘ரைட்’. அதில் குறியாக்கம் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நூலகம் தமிழ் எழுத்துகளே இல்லாத ஆஸ்கி குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு, ‘அ’ என்பதை &#2949; என்று எழுதும். உள்ளடக்கத்தில் அப்படி வந்தால் படிக்கும் நிரல் மீட்டுக்கொள்ளும். குறிச்சொல்லின் பெயரிலேயே வந்தால் கோப்பு செல்லாது. தமிழில் குறிச்சொல் வைப்பவர்கள் இந்த ஒன்றை மறக்கவே கூடாது. முதல் வரியில் எக்ஸ்எம்எல் அறிவிப்பும் வர வேண்டுமானால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 6: சரிபார்ப்பு

கோப்பை உலாவியில் திறந்து பாருங்கள். கிளைகள் மடங்கி விரிந்தால் வடிவம் சரி. அதோடு விடாமல், எழுதிய கோப்பை ‘பார்ஸ்’ செயற்கூறால் திரும்பப் படித்து, ‘பதிவு’ உறுப்புகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். வினவல் தந்த வரிசைகளின் எண்ணிக்கையோடு அது பொருந்த வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் பிசகு நான்காம் படியின் உள்தள்ளலில் இருக்கும்: ‘பதிவு’ உருவாக்கும் வரி, பெயர் மாறும்போது மட்டும் ஓடும் பகுதிக்குள் சிக்கியிருக்கும். அதை ஒரு படி வெளியே இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.