கடுகு, கசகசா, ரவை: நான்கு பாறைக் கோள்களைத் தெருவில் வைப்பது எப்படி

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படத்தில் புதனும் வெள்ளியும் பூமியும் செவ்வாயும் தோளோடு தோள் உரசி நிற்கும். தாளுக்குள் அடங்க வேண்டுமே என்று அப்படி வரைகிறார்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, கோள்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதைச் சரிசெய்ய அஞ்சறைப் பெட்டியும் 23 மீட்டர் நீளமுள்ள நேரான தெருவும் போதும். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கே தேடினாலும் அந்த நீளத்துக்குத் தெரு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஆட்டோக்கள் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம்.

கணக்கு இதுதான்: ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். தூரத்துக்கும் பருமனுக்கும் இதே அளவு. இரண்டுக்கும் வேறு வேறு அளவு வைத்தால் சுவர்ப் படத்தில் நடந்த தவறே தெருவிலும் நடக்கும்.

முதலில் சூரியன். அதன் குறுக்களவு சுமார் 13.9 லட்சம் கி.மீ., அதாவது 14 செ.மீ. மஞ்சள் அட்டையில் காம்பஸை 7 செ.மீ. விரித்து வட்டம் போட்டு வெட்டி, தெருவின் ஒரு முனையில் பிள்ளைகளின் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டுங்கள். கால்பந்தை வைக்க ஆசை வரும், வேண்டாம். அது 22 செ.மீ. இருப்பதால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும்.

அடுத்து கோள்கள். அவசரப்படக் கூடாத இடம் இது. இந்த அளவில் பூமி 1.28 மி.மீ., வெள்ளி 1.21 மி.மீ. இரண்டுக்கும் சின்னக் கடுகு பொருந்தும். பெரிய கடுகு 2 மி.மீ. வரை போகும், அதை வைத்தால் பூமி ஒன்றரை மடங்கு பெருத்துவிடும். ஒற்றைக் கடுகை ஸ்கேலில் அளப்பது சிரமம். ஒரு தாளை நடுவில் மடித்து, அந்தப் பள்ளத்தில் பத்துக் கடுகை இடைவெளி இல்லாமல் வரிசையாக உருட்டிவிட்டு, மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். 12 முதல் 13 மி.மீ. வந்தால் சரி. 16 வந்தால் இன்னும் சின்னதாகப் பொறுக்க வேண்டும். செவ்வாய் 0.68 மி.மீ. என்பதால் அதற்குக் கசகசா. அதிலும் பொடியாகப் பார்த்து எடுங்கள், பத்து சேர்ந்து 7 மி.மீ.யை ஒட்டி வர வேண்டும். புதன் 0.49 மி.மீ., அதற்குப் பொடி ரவையில் ஒரு குருணை போதும்.

ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவு அட்டையில் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டுங்கள். கடுகு கறுப்பு என்பதால் அதற்கு வெள்ளை அட்டை. ரவையும் கசகசாவும் வெளுப்பு, அவற்றுக்குக் கறுப்பு அட்டை. ஒட்டாமல் சும்மா வைத்தால் கடல் காற்றில் ஐந்தே நிமிடத்தில் புதனைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும். பூமியின் அட்டையில் கடுகிலிருந்து 3.8 செ.மீ. தள்ளிப் பேனாவால் மிகச் சிறிய புள்ளி ஒன்று வையுங்கள். அது நிலா. மனிதர்கள் போய் வந்ததெல்லாம் அந்த நாலு விரற்கடைக்கும் குறைவான தூரம்தான்.

இப்போது தூரம். சூரிய அட்டையிலிருந்து புதன் 5 மீ. 80 செ.மீ., வெள்ளி 10 மீ. 80, பூமி 15 மீ., செவ்வாய் 22 மீ. 80. தச்சரின் 5 மீட்டர் டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிசகும். கட்டட மேஸ்திரியிடம் 30 மீட்டர் டேப் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். கயிறுதான் கிடைக்கும் என்றால் சணல் கயிறு நல்லது. நைலான் இழுக்க இழுக்க நீளும். புதன் மட்டும் ஒரே தூரத்தில் நிற்பதில்லை. அதன் பாதை நன்றாக நீள்வட்டம், நம் அளவில் 4.6 மீட்டருக்கு நெருங்கி 7 மீட்டருக்கு விலகும். 5.80 என்பது சராசரி.

வைத்ததெல்லாம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பூமி அட்டை இருக்கும் இடத்தில் நின்று அட்டைச் சூரியனைப் பாருங்கள். வானத்துச் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதே அளவு தெரியும், ஏறக்குறைய அரை பாகை. கையை நீட்டிச் சுண்டுவிரலை எடுத்தால் முழுவதும் மறைந்துவிடும். புதனில் போய் நின்றால் அந்தச் சூரியன் இரண்டரை மடங்கு அகலம், செவ்வாயில் மூன்றில் இரண்டு பங்கு. (இந்தச் சோதனையை அட்டையில் மட்டும் செய்ய வேண்டும். நிஜச் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது.)

ஒவ்வொரு அட்டையிலும் நின்று சொல்லச் சில செய்திகள். புதன் பெரும்பாலும் இரும்பு. அதன் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்கு உட்கருவுக்கே போய்விடுகிறது. பகலில் 430 டிகிரி, இரவில் மைனஸ் 180. போர்த்திக்கொள்ளக் காற்று இல்லாததால் வாங்கிய சூட்டையெல்லாம் இரவில் இழந்துவிடுகிறது. வெள்ளியின் கதை நேர் எதிர். சூரியனிலிருந்து புதனைவிட ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் அந்தக் கடுகில் இரவும் பகலும் 465 டிகிரி. கரியமில வாயு போர்வைபோல் மூடிச் சூட்டை வெளியே விடுவதில்லை. அங்கே காற்றின் அழுத்தம் நம்மைப்போல் 92 மடங்கு, கடலில் 900 மீட்டர் ஆழத்துக்குப் போனால் இருக்கும் அழுத்தம். 1982-ல் அங்கே இறங்கிய சோவியத் கலம் வெனெரா 13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம். செவ்வாயின் சிவப்பு இரும்புத் துரு; காசிமேட்டில் விசைப்படகின் நங்கூரத்தில் படிந்திருக்கும் துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று கிளம்பிய மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்றுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே 7 மீ. 80 தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கலம் நேர்கோட்டில் போவதில்லை, சூரியனைச் சுற்றி வளைந்துதான் போகும் என்று சொல்லுங்கள்.

வளைந்து போவதைக் காட்ட மைதானம் வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் அரிப்பில் மணல் போய்க் கல்தான் கொட்டிக் கிடக்கிறது, ஆகவே கடற்கரையை நம்ப வேண்டாம். 46 மீட்டர் அகலமுள்ள பள்ளி மைதானம் போதும். நடுவில் சூரியன், சுற்றிச் சுண்ணாம்புத் தூளில் நான்கு வட்டம். ஒரு கைதட்டலுக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு, புதனாக நடக்கும் பிள்ளை ஒரு தட்டலுக்கு 82 செ.மீ. வைக்க வேண்டும், வெள்ளி 60, பூமி 52, செவ்வாய் 42. எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். 44 தட்டலில் புதன் ஒரு சுற்று முடித்திருக்கும். பூமி அப்போது கால் சுற்றுகூட வந்திருக்காது. இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு, உள்வட்டத்துப் பிள்ளை ஓடுவதும் வெளிவட்டத்துப் பிள்ளை எட்டிப் பிடிக்கப் பெரிய எட்டு வைப்பதும். எட்டின் நீளத்துக்குக் கயிறு வெட்டி ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவார்கள்.

நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்தச் சொல்லி, பூமிப் பிள்ளையைச் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அதுதான் நள்ளிரவு. அப்போது கண்ணுக்கு எதிரே செவ்வாய் வரலாம், புதனும் வெள்ளியும் வரவே வராது. வானத்திலும் அப்படித்தான். வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, புதன் 28-ஐத் தாண்டாது. விடிவெள்ளி ஏன் விடியலில் மட்டும் என்ற கேள்விக்கு அந்த மைதானத்திலேயே விடை கிடைத்துவிடும்.

வடசென்னைக்கு ஒரு வசதி: கிழக்கே மறைக்க ஒன்றும் இல்லாத கடல். புதன் சூரியனிலிருந்து மேற்கே அதிகம் விலகியிருக்கும் வாரத்தைக் கைபேசியில் ஸ்டெல்லேரியம் செயலியில் பார்த்து வைத்துக்கொண்டு, சூரிய உதயத்துக்கு முக்கால் மணி முன்பே கரைக்குப் போய்விடுங்கள். கடல் விளிம்பிலிருந்து, நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில் தேட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம், போகியை ஒட்டிய நாட்களில் புகை. பிப்ரவரிக்குப் பிறகு வானம் தெளியும். பைனாகுலர் இருந்தால் தேடுவது சுலபம். ஆனால் சூரியன் தலைகாட்டப் பத்து நிமிடம் இருக்கும்போதே அதைப் பிள்ளைகள் கையிலிருந்து வாங்கி உறையில் போட்டுவிடுங்கள்.