பி2பி மார்க்கெட்டிங் படிக்கும் எம்பிஏ மாணவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஒவ்வொரு ஏப்ரலிலும் கோவைப் பக்கத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு எம்பிஏ வைவா, அதாவது ப்ராஜெக்ட் பற்றிய வாய்மொழித் தேர்வு, எடுக்கப் போகிறேன். எனக்குத் தொழில் கம்பெனிகளுக்கு இயந்திர எண்ணெய் விற்பது. இப்படிக் கம்பெனி கம்பெனிக்கு விற்பதுதான் பி2பி. பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்பவர்கள் என்று பத்தொன்பது வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஒரே நாளில் பதினொரு ப்ராஜெக்ட் பார்த்தேன். அதில் ஏழின் தலைப்பு ‘வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு’. கம்பெனி பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. படிக்கப் படிக்கக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் காலத்தில் நான் கொடுத்த ப்ராஜெக்ட்டும் அதே தலைப்புதான்.

பக்க எண் விட்டுப்போவது, காப்பியடித்த பத்தி இதையெல்லாம் உங்கள் கைடு பார்த்துக்கொள்வார். நான் அதைப் பேசப் போவதில்லை.

பர்சேஸ் மேனேஜர்தான் வாடிக்கையாளர் என்று நினைப்பது

மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் வெப்ஸ்டரும் விண்டும் 1972-லேயே சொல்லிவிட்டார்கள்: ஒரு நிறுவனத்தில் பொருள் வாங்குவது தனி ஆள் இல்லை, ஒரு கூட்டம். பயன்படுத்துபவர், கருத்துச் சொல்லி மாற்றுபவர், ஆர்டர் போடுபவர், முடிவெடுப்பவர், தகவலை உள்ளே விடுபவர் அல்லது தடுப்பவர். இந்த ஐந்து பாத்திரங்களையும் எந்த மாணவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். படம் போட்டு எழுதி மார்க்கும் வாங்கிவிடுவார். அப்புறம் ப்ராஜெக்ட்டுக்குப் போனால் பர்சேஸ் ரூமில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

நானும் அப்படித்தான் திரும்பினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பெரிய உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் கூலன்ட் விற்க முயன்றேன். வார்ப்பிரும்புப் பாகங்களைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய் அது. நூறு லிட்டர் கலவையில் ஐந்து லிட்டர் எண்ணெய், மீதி தண்ணீர். நாலு மாதத்தில் ஏழு முறை பர்சேஸ் மேனேஜரைப் பார்த்தேன். நல்ல மனிதர். லிட்டருக்கு எட்டு சதவீதம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். ஒரு மெஷினில் ஒரு மாதம் ட்ரையல் போட ஒப்புக்கொண்டார். ஆர்டர் வந்த மாதிரிதான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன், அந்த மாத டார்கெட்டிலும் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பாகங்களில் துரு. ட்ரையல் ஃபெயில் என்று ஒரு வரியில் மெயில் வந்தது.

அன்றுதான் முதல்முறையாக ஷாப் ஃப்ளோருக்குள் போனேன். ஷிப்ட் சூப்பர்வைசர் தொட்டியைக் காட்டினார். கலவை குறையக் குறைய ஆட்கள் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் எண்ணெய் இரண்டு சதவீதம்கூட இல்லை. துரு பிடிக்காமல் என்ன செய்யும்? “பழைய கம்பெனிப் பையன் வாராவாரம் வந்து அவனே அளந்து கலந்து வச்சுட்டுப் போயிருவான் சார். நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. போட்டிக் கம்பெனி அங்கே விற்றுக்கொண்டிருந்தது எண்ணெயை மட்டும் இல்லை. வாரம் ஒருமுறை வரும் அந்தப் பையனையும் சேர்த்துத்தான். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலை மெஷினை ஓட்டினால் தொட்டியிலிருந்து அழுகல் நாற்றம் வரும், கூலன்ட் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை அது. அதையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கென்று இன்வாய்ஸில் தனி வரி கிடையாது. அதனால் பர்சேஸ் மேனேஜருக்கு அவன் இருப்பதே தெரியாது. அவர் கண்ணில் பட்டது லிட்டர் விலை. அவர் என்னை ஏமாற்றவில்லை, அவருடைய வேலை அதுதான். சூப்பர்வைசருக்குத் துரு வராமல் இருக்க வேண்டும். ஆப்பரேட்டருக்குக் கையில் அரிப்பு வரக்கூடாது. கழிவுநீர் பார்க்கிறவருக்கு அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்க முடிய வேண்டும். ஒரே பேரலுக்குள் நாலு பேருக்கு நாலு வேறு பொருள் இருந்தது. நான் ஒருவருக்கு மட்டும் விற்றேன், அதையும் விலை குறைத்து. மறுபடி ட்ரையலுக்கு உள்ளே விட ஒன்றரை வருடம் ஆனது.

ஐந்து பாத்திரம் என்றால் ஐந்து ஆள் என்றும் எழுதிவிடாதீர்கள். சின்ன ஃபவுண்டரியில் முதலாளியே நாலு பாத்திரத்தையும் பார்ப்பார். உங்களை உள்ளே விடாமல் நிறுத்துவது அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அம்மாவாக இருக்கலாம், போன தடவை பில்லில் ஜிஎஸ்டி எண் தப்பாகப் போட்டிருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கடைசியாக எப்போது ஒரு சப்ளையரை மாத்தினீங்க? முதல்ல அந்தப் பேச்சை எடுத்தது யாரு?” இதற்கு வரும் பதிலில் ஆட்கள் தானாக வரிசையில் வந்து நிற்பார்கள். ‘எங்கள் பொருளின் தரம் உங்களுக்குத் திருப்தியா’ என்று கேட்டால் டீ வரும், வேறொன்றும் வராது.

நூறு பேரிடம் கூகுள் ஃபார்ம்

மேலே சொன்ன தவற்றின் தம்பி இது. நீங்கள் ப்ராஜெக்ட் செய்யும் கம்பெனிக்கு மொத்தமே நாற்பது வாடிக்கையாளர் என்று வையுங்கள். அதில் நாலு பேர் முக்கால்வாசி விற்பனையைத் தருகிறார்கள். அங்கே ‘நூறு ரெஸ்பாண்டென்ட்’ எங்கிருந்து வந்தார்கள்? ஒரு மாணவியிடம் கேட்டேன். பாவம், ஹாஸ்டல் தோழிகள் பாதியை நிரப்பிக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டார். வால்வ் வாங்குவதில் ஹாஸ்டலின் கருத்தை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு கை-ஸ்கொயர் சோதனை எடுத்திருந்தார்.

அந்த நாலு கம்பெனியிலும் கம்பெனிக்கு ஐந்து பேரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். இருபது பேர்தான். கைடு ‘சாம்பிள் சைஸ்’ என்று முகம் சுளித்தால், மொத்த வாடிக்கையாளர் எத்தனை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

ஸ்வாட் அட்டவணை

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம். உத்தி அதில் இல்லை.

விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்பது

சோப்புக்குச் சரி. பம்புக்குள் போகும் பேரிங்குக்குச் சரிவராது. நீங்கள் பத்து சதவீதம் குறைத்தீர்கள் என்பதற்காக எந்த விவசாயியும் இரண்டாவது மோட்டார் வாங்கப் போவதில்லை. அவர் வாங்குவது மழையை, கிணற்றுத் தண்ணீரை, கையிலிருக்கும் காசைப் பொறுத்தது. பம்ப் விற்றால்தான் பேரிங் விற்கும். பாடத்தில் இதற்குத் தருவிக்கப்பட்ட தேவை என்று பெயர். விலையைக் குறைத்து நீங்கள் எடுப்பது பக்கத்து சப்ளையரின் பங்கை, அவர் அடுத்த வாரமே குறைத்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். பேரிங் விற்பவர் பேரிங் சந்தையைவிட பம்ப் சந்தையை நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

இன்ஃப்ளுயன்ஸர் வைத்து ஃபர்னஸ் லைனிங் (உலையின் உட்பூச்சு) விற்பது

வேண்டாம், தயவுசெய்து.

கடன் நாள் இல்லாத உத்தி

இத்தனை ப்ராஜெக்ட்டில் ஒன்றில்கூட பணம் எத்தனை நாளில் வரும் என்ற கேள்வி இல்லை. விலை, விநியோகம், விளம்பரம் எல்லாம் வண்ண வண்ணமாக இருக்கிறது. கோவையில் ஒரு சின்ன யூனிட் முதலாளி சப்ளையரைத் தேர்ந்தெடுப்பதில் கடன் நாள்தான் பாதி. அதே முதலாளி தன் பெரிய வாடிக்கையாளரிடம் போய் நிற்கும்போதும் அதேதான்.

சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். 2006-இன் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சின்ன சப்ளையருக்கு 45 நாளுக்குள் பணம் போக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் வருமான வரியிலும் ஒரு பிடி சேர்ந்தது: குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டிக் கொடுக்கும் பணத்தை, கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம். வட்டி கேட்டுக் கேஸ் போட எந்தச் சின்ன முதலாளிக்கும் தைரியம் வராது, அடுத்த ஆர்டர் போய்விடும். ஆனால் மார்ச் மாதத்தில் ஆடிட்டர் போடும் சத்தம் பெரிய கம்பெனியின் அக்கவுன்ட்ஸில் நன்றாகவே கேட்கிறது. இது மார்க்கெட்டிங் இல்லை, ஃபைனான்ஸ் என்று ஒரு மாணவர் என்னிடம் வாதாடினார். சரி, போய் விற்றுப் பார்க்கட்டும்.

மாதக் கடைசியில் பேட்டிக்குப் போவது

25-ஆம் தேதிக்கு மேல் போகாதீர்கள். டிஸ்பாட்ச் தவிர வேறெதுவும் அங்கே யார் காதிலும் விழாது. மாதம் பிறந்து இரண்டாவது வாரம், ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்துப் போங்கள். இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.