செவ்ரோலே சி10 பிக்கப்பின் பின்புறத்தில் காற்றுப்பை சஸ்பென்ஷன் பொருத்துதல்: முதன்முறை செய்வோருக்கான செய்முறை

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி10 பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றின் பின் ஆக்சில், இரண்டு நீண்ட டிரெய்லிங் ஆர்ம்களோடு (சேஸிஸிலிருந்து பின்னோக்கி ஆக்சில் வரை நீளும் கைகள்) யூ-போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டு, காயில் ஸ்பிரிங்குகளின் மேல் வண்டியைச் சுமக்கிறது. லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் ஸ்பிரிங்கே ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதால், அதைக் கழற்றினால் அந்தப் பிடிப்புக்கு வேறு கட்டமைப்பு தேவைப்படும். சி10-இல் அந்த வேலையை ஆர்ம்களும், ஆக்சில் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பன்ஹார்ட் ராடும் செய்துவிடுகின்றன. காயில் பாரத்தை மட்டுமே தாங்குகிறது. எனவே காயிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் காற்றுப்பையை வைத்தால் போதும் என்று சொல்வார்கள். "போதும்" என்ற அந்தச் சொல்லை நம்பி என் 1970 வண்டியில் இறங்கிய எனக்கு, ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது.

(இங்கே காற்றுப்பை என்பது, விபத்தின்போது ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து விரியும் பாதுகாப்புப் பை அன்று, வண்டியின் பாரத்தைத் தாங்கும் ரப்பர் ஸ்பிரிங்.)

முதலில் ஓட்டும் உயரம்

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, வண்டியை எந்த உயரத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரையுள்ள தூரமாக அதை எழுதி வையுங்கள். பையின் நீளம், ஷாக் அப்சார்பரின் நீளம், பினியன் (டிரைவ் ஷாஃப்டோடு இணையும் ஆக்சிலின் பற்சக்கரத் தண்டு) சாயும் கோணம் ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணைச் சார்ந்தவை. நிறுத்தி வைக்கும்போது எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது புகைப்படத்துக்கு அழகு. ஆனால் அந்த உயரத்தில் யாரும் சாலையில் ஓட்டுவதில்லை.

ஓட்டும் உயரத்தில் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே மேல்நோக்கிய அசைவுக்கு 75 மி.மீ. அளவாவது இடம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் கீழே போக விரும்பினால், ஆக்சிலுக்கு நேர் மேலே சேஸிஸை வளைவாக வெட்டி வலுவூட்ட வேண்டியிருக்கும். அது தொடக்கநிலையாளர் வெல்டிங் பழகும் இடம் அன்று.

காயிலை எடுத்தல்

முன்சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை வைத்து, சேஸிஸைப் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஆக்சிலைத் தனி ஜாக்கில் தாங்கிக்கொண்டு ஷாக்குகளைக் கழற்றுங்கள். ஆக்சிலை மெல்ல இறக்கி, காயிலின் மேலும் கீழும் உள்ள கிளாம்ப் போல்ட்டுகளை விடுவித்தால் காயில் கையோடு வந்துவிடும். இறக்கும்போது சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஹோஸின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ஆக்சிலின் எடை ஒரு கணம் கூட அதில் தொங்கக் கூடாது. ஐம்பது ஆண்டு துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்து வைப்பது, மறுநாள் காலையில் அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட மேலானது.

பையைப் பொருத்துதல்: நான் தவறிய இடம்

மேல் தட்டைச் சேஸிஸிலும் கீழ்த் தட்டை ஆர்மிலும் பிணைத்து, இடையில் பையை வைத்துப் போல்ட் போடுவது அரை மணி நேர வேலை. பையின் முனைத் தட்டுகளில் உள்ள மரைகள் ஆழம் குறைந்தவை என்பதால், இம்பாக்ட் கன்னை ஓரமாக வைத்துவிட்டு டார்க் ரெஞ்சை எடுத்து, கிட்டோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

வண்டி ஸ்டாண்டில் இருந்தபோது நான் பார்த்தேன். பைக்கும் சேஸிஸுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தது. மனநிறைவோடு சக்கரம் மாட்டி இறக்கிவிட்டேன். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கீழே படுத்துப் பார்த்தால், சேஸிஸில் கறுப்பாக ஒரு தேய்ப்புக் கறை, பையின் விலாவில் ரப்பர் உரிந்த ஒரு கோடு. காரணம் எளியது: நீண்டு தொங்கும் வெற்றுப் பை ஒல்லியாக இருக்கும், காற்றோடு அமுங்கும்போது, இரட்டை மடிப்புப் பைகள் குறிப்பாக, பக்கவாட்டில் பருக்கும். நான் அளந்தது அது மிகவும் ஒல்லியாக இருந்த நிலையை.

சரியான முறை இது. ஷாக்குகளை மாட்டும் முன், பைகளில் ஓட்டும் அழுத்தத்தை நிரப்பி, சேஸிஸ் ஸ்டாண்டிலேயே இருக்க, ஆக்சிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலேறும் எல்லையில் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும் வரை உயர்த்துங்கள்; சேஸிஸ் ஸ்டாண்டை விட்டு எழப் பார்த்தால் பையிலிருந்து சற்றுக் காற்றை விடுங்கள். அந்த நிலையில் 12 மி.மீ. தடிமனுள்ள ஒரு மரத்துண்டு பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடையின்றிச் சென்று வர வேண்டும். பிறகு ஆக்சிலின் ஒரு முனையை மட்டும் உயர்த்தி, அதே சோதனையை இரு பக்கமும் செய்யுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்சில் சாய்வதால், நேராக உயர்த்திப் பார்த்தபோது தெரியாத உரசல் அப்போது தெரியவரும். என் வண்டியில் கீழ்த் தட்டை 15 மி.மீ. வெளிப்புறம் நகர்த்தியதில் சிக்கல் தீர்ந்தது. மேல், கீழ்த் தட்டுகள் ஓட்டும் உயரத்தில் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மையங்கள் எவ்வளவு விலகலாம் என்பதற்கும் பைக்கு ஓர் எல்லை உண்டு. சைலன்சர் குழாய் அருகில் சென்றால் வெப்பத் தகடு ஒன்றை இடையில் பொருத்துங்கள்.

ஆக்சில் நகர்வும் பினியன் கோணமும்

பன்ஹார்ட் ராடின் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை ஆக்சில் பக்கத்திலும் இருப்பதால், வண்டி ஏறி இறங்கும்போது ஆக்சில் நேர்கோட்டில் நகராமல் ஒரு வில்லின் மேல் நகர்கிறது. கிடைமட்டமாக உள்ள 60 செ.மீ. ராடு 10 செ.மீ. சாய்ந்தால் ஆக்சில் 8 மி.மீ. அளவு பக்கவாட்டில் நகரும். 1 மீட்டர் ராடு என்றால் 5 மி.மீ. மட்டுமே. சி10-இன் அசல் ராடு குட்டையானது. ஆகவே நீளம் மாற்றக்கூடிய நெடிய ராடு ஒன்றைப் போட்டு, ஓட்டும் உயரத்தில் அது கிடைமட்டமாக இருக்கும்படி அமைத்து, இரு டயர்களும் ஃபெண்டரிலிருந்து சம தூரத்தில் நிற்கும் வரை நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

ஆர்மும் ஆக்சிலும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், சேஸிஸ் தாழும்போது ஆர்மின் முன்முனை தாழ்ந்து, பினியனின் மூக்கும் கீழ்நோக்கிச் சாய்கிறது. ஆர்மின் நீளம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ. இறக்கத்துக்கு ஏறக்குறைய 5 பாகை. கியர்பாக்ஸின் வெளியீட்டுத் தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு பாகைக்குள் இருந்தால் யுனிவர்சல் ஜாயின்ட்டுகள் அமைதியாகச் சுழலும். இல்லையென்றால் வேகமெடுக்கும்போது தரையில் ஓர் அதிர்வு எழும். ஆக்சிலுக்கும் ஆர்முக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து இதைத் திருத்தலாம். காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி ஒன்றை இதற்காகவே வாங்குங்கள். குமிழ் மட்டத்தை வைத்து நான் செலவழித்த மாலைப்பொழுது உங்களுக்கு வேண்டாம்.

ஷாக், பம்ப் ஸ்டாப், பிரேக் ஹோஸ்

ஓட்டும் உயரத்தில் ஷாக் தன் அசைவின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். மேலே போகையில் பை நசுங்குவதற்கு முன் பம்ப் ஸ்டாப் தடுக்க வேண்டும். கீழே தொங்குகையில் பையும் பிரேக் ஹோஸும் இழுபடுவதற்கு முன் ஷாக்கோ ஒரு பட்டையோ தடுக்க வேண்டும். எந்தத் திசையிலும் பை தானே எல்லையாக இருக்கக் கூடாது.

காற்றுக் குழாய்கள்

இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. டீ வடிவ இணைப்பால் ஒன்றாக்கினால் வேலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் வளைவில் திரும்பும்போது அமுங்கும் பக்கத்திலிருந்து காற்று மறுபக்கத்துக்கு ஓடி, வண்டி மேலும் சாயும். முதல் முறை செய்வோர் மின்வால்வுகளையும் கைபேசிச் செயலிகளையும் விட்டுவிட்டு, கையால் அழுத்தும் வால்வும் இரட்டை முள் கேஜும் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பழுதானால் எங்கே என்பது பார்த்தவுடன் தெரியும்.

நைலான் குழாயைக் கட்டிங் பிளையரால் நறுக்கினால் முனை நீள்வட்டமாக நசுங்கி, புஷ் ஃபிட்டிங்கில் கசியும். சிறிய குழாய் வெட்டியால் செங்குத்தாக வெட்டி, முனை வரை தள்ளி, ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மரைகளுக்கு டெஃப்லான் டேப்பைவிடத் திரவ சீலன்ட்டையே நான் விரும்புகிறேன். டேப்பின் பிசிறு வால்வுக்குள் போய் அமர்ந்தால் அது முழுதாக மூடாது.

கம்ப்ரசரும் மின்னிணைப்பும்

கம்ப்ரசரை டேங்கைவிட உயரமான இடத்தில் வையுங்கள். டேங்கின் அடியில் நீர் வடிக்கும் திருகு இருக்கட்டும். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று கொதிப்பதால், அதோடு வரும் உலோகப் பின்னல் ஹோஸையும் செக் வால்வையும் (காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) விலக்கிவிட்டு நைலான் குழாயை நேரடியாகச் செருகாதீர்கள். மோட்டார் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். அதை ரிலே வழியாகவே கொடுத்து, பிரஷர் ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்குமாறு அமைத்து, ஃபியூஸை பேட்டரியின் அருகிலேயே போடுங்கள். இக்னிஷன் அணைந்தால் ரிலேயும் அணைய வேண்டும்.

சோதனை

எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு கேஜ் காட்டும் எண்களைக் குறித்து வைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் ஓரிரு பிஎஸ்ஐ குறைவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அது கசிவு. 100 கி.மீ. ஓட்டிய பின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை

எவ்வளவு அழுத்தம் வைப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். பை தாங்கும் எடை என்பது அழுத்தத்தையும் பையின் பயன்படு பரப்பையும் பெருக்கி வருவது: 160 ச.செ.மீ. பரப்புள்ள பை 50 பிஎஸ்ஐ-யில் ஏறத்தாழ 560 கிலோ தாங்கும். பை ஆக்சிலுக்கு முன்னால் ஆர்மின் மேல் அமர்வதால், சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைவிடச் சற்று அதிகமாகவே அது சுமக்கிறது. ஆகவே வேறொருவரின் எண்ணைக் கடன் வாங்காமல், நீங்கள் எழுதி வைத்த உயரம் வரும் வரை நிரப்பி, அப்போது கேஜ் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றினால் அதே உயரத்துக்கு மீண்டும் நிரப்புங்கள். இதனால் வண்டி நிமிர்ந்து நிற்குமே தவிர, ஆக்சிலும் பிரேக்கும் தாங்கும் எல்லை ஒரு கிலோவும் கூடாது.

ஹெட்லைட் ஒளி எதிரில் வருவோரின் கண்ணைக் கூசச் செய்வதாக ஒருவர் எழுதியிருந்தார். பின்புறம் தாழ்ந்தால் முன்விளக்கு நிமிரும். நான் அதை எழுத மறந்துவிட்டேன். ஓட்டும் உயரத்தில் வண்டியைச் சுவரின் முன் நிறுத்தி, விளக்குகளின் திருகுகளைச் சரிசெய்த பிறகே இரவில் வெளியே எடுங்கள்.